அறுநூற்று நாற்பதில் ஒரு மேடு

செவ்வாய்க்கிழமை பகல் ஒன்றரை மணிக்குப் பெட்டியைத் திறப்பதாக ஏற்பாடு. அதை நிறுத்த வேண்டுமானால் றிஸ்மியா பேச வேண்டும். பேசுவது அவளுக்கு ஒருநாளும் சுலபமாக வந்ததில்லை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை நடக்கும் ஆய்வுக் குழுவின் இணையக் கூட்டத்தில் இரண்டு வருஷமாக அவள் பேசியதையெல்லாம் சேர்த்து எழுதினாலும் ஒரு பக்கம் நிறையாது. கேமராவை மூடியே வைத்திருப்பாள். கேட்க வேண்டியதை எழுதி அனுப்புவாள். யாராவது அவள் பெயரைச் சொல்லிக் கேட்டால், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ரொஷானி முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுவாள். இருவரும் ஒரே வருஷம் பௌதிகவியலில் பட்டம் முடித்தவர்கள். ரொஷானிக்கு மாத்தளை டவுனில் வீடு. றிஸ்மியா பலாபத்வலயிலிருந்து பஸ் ஏறி வருவாள்.

ஜெனீவாவுக்குப் பக்கத்தில், நிலத்துக்கு நூறு மீற்றர் கீழே, இருபத்தேழு கிலோமீற்றர் வட்டத்தில் ஓடும் குழாய்க்குள் புரோத்தன்களை ஒன்றோடொன்று மோதவிடுகிறார்கள். மோதலில் சிதறுவதைக் கருவிகள் பதிந்துகொள்கின்றன. அந்தத் தரவைப் பல நாட்டு ஆட்கள் பங்குபோட்டுக்கொண்டு ஆராய்கிறார்கள். றிஸ்மியா, ரொஷானி இருந்த சிறிய குழுவின் பங்குக்கு வந்தது ஒரே ஒரு கேள்வி. இதுவரை யாரும் காணாத பாரமான துணிக்கை ஒன்று மோதலில் பிறந்து, பிறந்த கணமே உடைந்து, மியூவோன் எனப்படும் இரண்டு சிறு துணிக்கைகளாகப் பறந்திருக்கிறதா? அந்த இரண்டையும் வைத்து, உடைந்த துணிக்கையின் திணிவு எவ்வளவு என்று கணக்கிடலாம். கணக்கிட்டு வரைபில் புள்ளிகளாக வைத்துக்கொண்டு போனால் ஒரு சரிவு வரும். அது ஏற்கெனவே தெரிந்த விஷயங்களால் வருகிற சரிவு. அதில் ஓரிடத்தில் புள்ளிகள் கூடி மேடு தட்டினால் அங்கே புதிதாக ஏதோ இருக்கலாம்.

மேடு வேண்டும் என்று ஆசைப்படுகிற கண்ணுக்கு எங்கேயும் மேடு தெரியும். அதனால் அந்த வேலையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மேடு வரக்கூடிய பகுதியை முதலிலேயே மூடிவிடுவார்கள். அதற்குத்தான் பெட்டி என்று பெயர். எந்த மியூவோனை எடுப்பது, எதைத் தள்ளுவது என்கிற வெட்டுகளை, பெட்டிக்கு வெளியே உள்ள தரவையும் கணினி உண்டாக்கிய போலித் தரவையும் மட்டும் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். ஒருவர் தீர்மானிப்பார், இன்னொருவர் தனியாகச் சரிபார்த்துக் கையொப்பம் வைப்பார். எல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் கூடிப் பெட்டியைத் திறப்பார்கள். அதற்கு முன்னால் யாராவது தவறிப்போய் உள்ளே பார்த்துவிட்டால் உடனே சொல்லிவிட வேண்டும். சொன்னால் தண்டனை கிடையாது. பார்த்தவர் வெட்டுகளில் கைவைக்காமல் ஒதுங்கிக்கொள்வார், பார்க்காதவர் வேலையைத் தொடர்வார்.

றிஸ்மியா பார்த்துவிட்டாள். சொல்லவில்லை. ஐந்து வாரமாகிவிட்டது.

அது ஏப்ரல் மாதத்துப் பின்னேரம் ஒன்றில் நடந்தது. வானம் இருட்டி இடி உருளத் தொடங்கினால் அவளுடைய உம்மா ஸுலைஹா வீட்டில் ஒரு பிளக்கையும் செருகியிருக்க விடமாட்டார். டீவி, ஃபிரிஜ், மகளின் மடிக்கணினி, எல்லாவற்றையும் வரிசையாகப் பிடுங்கிக்கொண்டு வருவார். மடிக்கணினியின் பற்றரி செத்து ஒரு வருஷமாகிறது. பிளக்கைப் பிடுங்கினால் மூன்று நிமிஷம் தாங்காது. அன்று எழுதிக்கொண்டிருந்த நிரலைச் சேமிக்கு முன்னரே திரை அணைந்துவிட்டது. மழை விட்ட பிறகு திறந்து பார்த்தால் அந்தக் கோப்பு கெட்டுப்போயிருந்தது. ஒரு மாதத்துக்கு முந்திய பிரதி ஒன்று கையில் இருந்தது. அதை எடுத்துத் தரவின் பெயரை மட்டும் மாற்றி ஓட்டினாள்.

பழைய பிரதி போலித் தரவுக்காக எழுதியது. போலித் தரவில் ஒளிக்க ஒன்றுமில்லை என்பதால் பெட்டியை மூடுகிற வரி அதில் இல்லை. அவளுக்கு அது ஞாபகம் வரவில்லை. வரைபு முழுசாகத் திரையில் வந்து நின்றது.

திணிவு அறுநூறு கிகா இலத்திரன் வோற்றுக்கும் எழுநூறுக்கும் இடையில் வெறுமையாக இருக்க வேண்டிய இடத்தில் புள்ளிகள் இருந்தன. அறுநூற்று நாற்பதில் மூன்று புள்ளிகள் சரிவின் கோட்டுக்கு மேலே எழும்பி நின்றன. அந்த நேரமே மூடியிருக்கலாம். அவள் மூடவில்லை. திரைக்குக் கிட்டப் போய், விரல் நுனியை வைத்து எண்ணினாள். சரிவின்படி பதினொரு நிகழ்வு வர வேண்டிய இடத்தில் இருபத்திரண்டு இருந்தது. மறுபடி எண்ணினாள். உம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்ததும் தெரியாமல் மூன்றாம் தடவையும் எண்ணினாள். பிறகுதான் படத்தை மூடி, அதையும் பிரதியையும் அழித்து, நிரலை முதலிலிருந்து எழுதினாள்.

நாளைக்குச் சொல்வோம் என்று அன்று நினைத்தாள். மறுநாள், கூட்டத்தில் சொல்வோம் என்று நினைத்தாள். கூட்டத்தில் ஆள் நிறைய இருந்தார்கள். அதற்குப் பிறகு, இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. சொல்ல வேண்டியது ஒன்றாக இருந்தது, இரண்டாகிவிட்டது.

அப்படி இருக்கும்போதுதான் கடைசி வெட்டைத் தீர்மானிக்கும் பொறுப்பு அவளிடம் வந்தது. மியூவோன் எவ்வளவு தனித்து வந்திருந்தால் அதை எடுப்பது என்பதே கேள்வி. எல்லை எண் சிறிதானால் வெட்டு கடுமையாகும், சரிவு தணிந்து மேடு கூடுதலாகத் துருத்தும். மார்ச் மாதம் தன் கொப்பியில் அவள் 0.15 என்று எழுதியிருந்தாள். மே மாதம் குழுவுக்கு அனுப்பியபோது 0.10 என்று அனுப்பினாள். மாற்றியதற்கு இரண்டு பக்கத்தில் காரணம் எழுதியிருந்தாள். காரணங்கள் சரியானவை. எத்தனை தடவை படித்தாலும் அவற்றில் ஓட்டை இல்லை. ஆனால் காரணம் முதலில் வந்ததா, எண் முதலில் வந்ததா என்று தன்னையே கேட்டால் அவளிடம் பதில் இல்லை. கைகட்டி நின்ற பிறகு எந்தத் தொழுகையைத் தொழுவதாக மனதில் நிய்யத் வைத்தோம் என்று மறந்துபோனவள் மாதிரி அவள் அந்த எண்ணோடு நின்றாள்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கே றிஸ்மியா ரொஷானியின் வீட்டுக்குப் போய்விட்டாள். ரொஷானி சாப்பாட்டு மேசையைத் துடைத்து இரண்டு மடிக்கணினிகளுக்கும் இடம் ஒதுக்கியிருந்தாள். புதுச் சட்டை போட்டிருந்தாள். ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகம் கலாநிதிப் படிப்புக்கு அவளை எடுத்திருந்தது. ஒரு நிபந்தனை இருந்தது. இந்த ஆய்வு முடிந்து, அதை வைத்து எழுதும் முதுதத்துவமாணிப் பட்ட ஆய்வேட்டை ஓகஸ்ட் முடிவதற்குள் கொடுத்துவிட வேண்டும். இன்று பெட்டி திறந்தால் அதற்குக் காலம் சரியாக இருக்கும். மேடு இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, ஆய்வு முடிந்ததாகிவிடும்.

அவளுடைய அம்மா மரிய கொறற்றி கேக் ஒன்று செய்து மூடிவைத்திருந்தார். பெட்டி, துணிக்கை என்று இவர்கள் பேசுவது அவருக்கு அரையும் குறையுமாகத்தான் விளங்கும். ஆனால் இன்றைக்கு ஏதோ விசேஷம் என்று விளங்கியிருந்தது. புதிதாக ஒன்று கண்டுபிடித்தால் அதற்கு யாருடைய பெயரை வைப்பார்கள் என்று கேட்டார். உங்க பேரைத்தான் வைக்கப்போறோம், சின்னதா இருந்துக்கிட்டு எல்லாத்துலயும் போய் மோதுற சாமான் அது என்று ரொஷானி சொன்னாள். அம்மா அவள் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டுக் குசினிக்குப் போனார்.

றிஸ்மியா மடிக்கணினியைத் திறக்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

"ரொஷானி, நான் பெட்டிக்குள்ள பார்த்துட்டேன்."

ரொஷானி தட்டச்சுச் செய்வதை நிறுத்தவில்லை. ஒரு வரியை முடித்துவிட்டுத்தான் திரும்பினாள்.

"தெரியும்."

அந்த வரைபின் படம் தானாகவே இருவருக்கும் பொதுவான கோப்புறையிலும் சேமிக்கப்பட்டிருக்கிறது. றிஸ்மியா தன்னிடம் இருந்ததை மட்டும் அழித்திருக்கிறாள். அன்று பின்னேரமே ரொஷானி அதைக் கண்டாள். புதுப் படம் ஒன்று வந்திருக்கிறதே என்று திறந்தாளாம். றிஸ்மியா தானாகச் சொல்வாள் என்று ஒரு கிழமை காத்திருந்தாளாம். சொல்லாததால் பொதுக் கோப்புறையில் இருந்ததையும் அழித்துவிட்டு, அதைப் பற்றிப் பேசாமல் விட்டாளாம். இதையெல்லாம் கடைக்குப் போய்வந்த கதை சொல்வதுபோல் சொன்னாள்.

"அப்ப நீயும் பார்த்திருக்க."

"கண்ணைக் கட்டிக்கிட்டா ஃபைல் தொறப்பாங்க? பார்த்தேன்தான். உன்னை மாதிரி எண்ணிக்கிட்டு இருக்கல."

"நான் எண்ணினேன்னு உனக்கு யார் சொன்னது?"

"உன்னை எனக்குத் தெரியாதாக்கும்."

றிஸ்மியாவின் 0.10ஐத் தனியாகச் சரிபார்த்துக் கையொப்பம் வைத்தது ரொஷானிதான். பெட்டிக்குள் பார்த்த ஒருத்தி வெட்டியதை, அதேபோல் பார்த்த இன்னொருத்தி சரி என்றிருக்கிறாள். அதை அவள் மெதுவாகச் சொன்னபோது ரொஷானிக்குக் கோபம் வந்தது. காரணம் இரண்டு பக்கம் எழுதியிருந்தாய், சரியாக இருந்தது, வைத்தேன் என்றாள். மேடு பொய் என்றால் அடுத்த வருஷத் தரவில் தானாகக் கரைந்துவிடும், உண்மை என்றால் உண்மைதான், நாம் பார்த்தோம் என்பதற்காக அது இல்லாமல் போகாது என்றாள்.

றிஸ்மியாவிடம் அதற்குப் பதில் இருந்தது. மேடு உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பார்த்துவிட்டு வெட்டிய பிறகு, அந்த இருபத்திரண்டைக் காட்டி இது தற்செயலாக வருவதற்கு இத்தனையில் ஒரு பங்குதான் வாய்ப்பு என்று எழுத அவர்களுக்கு உரிமை இல்லை. அதை எழுதத்தானே இரண்டு வருஷம் உழைத்தார்கள். இதையெல்லாம் அவள் மனதுக்குள் ஒழுங்காக அடுக்கினாள். வாயில் வந்தது வேறு.

"நான் இன்னைக்குச் சொல்லப்போறேன்."

ரொஷானி எழும்பிப் போய்க் குசினிப் பக்கத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"சரி, சொல்லு. உன்னைப் பத்தி மட்டும் சொல்லு. என்னை இழுக்காத. நான் உன்கிட்ட வேற ஒண்ணும் கேக்கல, றிஸ்மி."

"ம்" என்றாள் றிஸ்மியா. அந்த நேரம் அது ஒரு பெரிய விஷயமாக அவளுக்குத் தெரியவில்லை. தன் குற்றத்தைச் சொல்லத் தைரியம் தேடிக்கொண்டிருந்தவளுக்கு அதற்கு அப்பால் ஒன்றும் கண்ணில் படவில்லை.

ஒன்றரை மணிக்குத் திரையில் பத்தொன்பது முகங்கள் வந்தன. ஜெனீவாவிலிருந்து கூட்டத்தை நடத்துகிற குழுத் தலைவி ஐம்பது வயதுப் பெண்மணி. ஆரவாரம் இல்லாதவர். செய்து முடித்த வேலைகளை ஒவ்வொன்றாகப் படித்தார். ஆட்சேபனை உள்ளவர்கள் இப்போது சொல்லலாம் என்றார். அப்படிக் கேட்பது ஒரு முறைமை. யாரும் எதுவும் சொல்வதில்லை. அவர் அடுத்த வரிக்குப் போக வாயெடுக்கும்போது றிஸ்மியாவின் ஒலிவாங்கி திறந்தது. தான் பேசுவது தனக்கே ரொஷானியின் மடிக்கணினியில் ஒரு கணம் பிந்திக் கேட்டது.

பஸ்ஸில் பாடமாக்கிக்கொண்டு வந்த ஆங்கிலத்தை அவள் ஒப்புவித்தாள். ஏப்ரல் மாதம் தவறுதலாகப் பெட்டியின் உள்ளே பார்த்தேன். அந்த நேரம் அறிவிக்கவில்லை. அதற்குப் பிறகுதான் கடைசி வெட்டைத் தீர்மானித்தேன். பெட்டியைத் திறக்க வேண்டாம்.

அவ்வளவும் சொல்ல அரை நிமிஷம் ஆகியிருக்காது. யாரும் திட்டவில்லை. குழுத் தலைவி, முன்னரே சொல்லியிருக்க வேண்டும், ஆனாலும் திறப்பதற்கு முதல் சொன்னீர்களே, நன்றி என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு கொஞ்சநேரம் யோசித்தார். பிறகு அவர் முகம் தெளிந்தது. வெட்டைச் சரிபார்த்தவர் வேறு ஆள் அல்லவா என்றார். றிஸ்மியா விலகிக்கொள்ளட்டும், ரொஷானி அந்த ஒரு வெட்டை மட்டும் புதிதாகத் தீர்மானிக்கட்டும், மூன்று கிழமையில் பெட்டியைத் திறக்கலாம், ரொஷானியின் ஓகஸ்ட் தவணையும் தப்பும் என்றார்.

"ரொஷானி, நீங்கள் பெட்டிக்குள் பார்க்கவில்லைதானே?"

"இல்லை" என்றாள் ரொஷானி.

அவள் குரலில் ஒரு தடங்கலும் இல்லை. பத்தொன்பது பேரும் இலேசாக மூச்சு விட்ட மாதிரி இருந்தது. யாரோ ஒருவர் கைதட்டும் சின்னம் அனுப்பினார். இன்னொருவர், மூன்று கிழமைக்குப் பிறகு எந்த நாள் வசதி என்று கேட்கத் தொடங்கினார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது. றிஸ்மியா சொல்லிவிட்டாள், மன்னிப்பும் கிடைத்துவிட்டது. ரொஷானி ஜெர்மனி போவாள். பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும். பேசாமல் உட்கார்ந்திருப்பதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் ரொஷானி எந்த எண்ணை எடுப்பாள்? 0.10ஐயே எடுத்தாலும் அறுநூற்று நாற்பதைத் தெரிந்துகொண்டு எடுப்பாள். நியாயமாகத் தெரிய வேண்டும் என்று 0.15ஐ எடுத்தாலும் அதுவும் தெரிந்துகொண்டு எடுப்பதுதான். முன்பு இருவர் சொல்லாமல் வைத்திருந்த பிழை. இப்போது பத்தொன்பது பேர் சுத்தம் என்று நம்பி ஏற்றுக்கொண்ட பிழை. தான் பேசியதால் காரியம் முன்னைவிட மோசமாகிவிட்டது என்று அவளுக்கு விளங்கியது.

ஒலிவாங்கியை மூடினாள். ரொஷானியின் பக்கம் சாய்ந்து அவளுடையதையும் மூடினாள்.

"நீயே சொல்லிரு."

"முடிஞ்ச கதை. விடு."

"ஏலாது ரொஷானி. நீயே சொல்லு."

ரொஷானி திரையைப் பார்த்துக்கொண்டே, உதடு அசையாமல் சொன்னாள். "நீ ‘ம்’னு சொன்ன. மறந்திட்டியா?"

அங்கே பதினேழாம் திகதி என்று முடிவாகிக்கொண்டிருந்தது. குழுத் தலைவி அதை எழுதிக்கொண்டு, வேறு ஏதும் உண்டா என்று கேட்டார். றிஸ்மியா ஒலிவாங்கியைத் திறந்தாள். இந்த முறை பாடமாக்கிய வசனம் எதுவும் இல்லை. ஆங்கிலம் தட்டுத்தடுமாறி வந்தது.

"ரொஷானியும் பார்த்திருக்கிறார். அந்த வரைபின் படம் எங்கள் பொதுக் கோப்புறையில் இருந்தது. இன்றைக்குத்தான் என்னிடம் சொன்னார்."

ரொஷானியின் முகம் இருந்த சதுரம் கறுப்பானது. அவள் கேமராவை மூடிவிட்டாள். குழுத் தலைவி அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அது சரியா என்று கேட்டார். ஆம் என்ற ஒரு சொல்தான் வந்தது. கூட்டம் அதற்குப் பிறகு ஐந்து நிமிஷம்கூட நடக்கவில்லை. பெட்டி மூடியே இருக்கும். வேறொரு நாட்டில் இருவர் வெட்டுகளை முதலிலிருந்து செய்வார்கள். முடிய இந்த வருஷக் கடைசியாகலாம், அடுத்த வருஷமும் ஆகலாம். நடந்ததை இருவரும் எழுத்தில் தர வேண்டும், படிவம் வரும்.

மரிய கொறற்றி கதவைத் திறந்து கேக் தட்டோடு வந்தார். திறந்தாகிவிட்டதா, உள்ளே ஏதும் இருந்ததா என்று கேட்டார். ரொஷானி வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அவர் றிஸ்மியாவைப் பார்த்தார்.

"தொறக்கல ஆன்ட்டி. நாங்க ரெண்டு பேரும் முன்னமே பார்த்துட்டோம். அது பிழை. நான் சொல்லிட்டேன்."

"அப்ப இவ போறது?"

"இந்த வருஷம் ஏலாமப் போகும்."

அவர் தட்டை மேசையில் வைத்தார். மகளைப் பார்த்தார், றிஸ்மியாவைப் பார்த்தார். யாரைக் கேட்பது என்று தெரியாதவர்போல் நின்றார். கடைசியில் றிஸ்மியாவிடம் மட்டும் சொன்னார். "நீ போயிட்டு வா மகள். மழை வரப்பாக்குது."

வாசலில் செருப்பை மாட்டும்போது ரொஷானி பின்னால் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது. குரல் சாதாரணமாகவே இருந்தது.

"மொதல் தடவ நீ பேசினது சரி. அது உன் பிழை, நீ சொன்ன. ரெண்டாவது தடவ எதுக்குப் பேசின? அந்த வெட்டுக்காகவா, இல்லாட்டி நான் பார்க்கலன்னு அவ்வளவு லேசாப் பொய் சொல்லிட்டேன்னா?"

றிஸ்மியா நிமிர்ந்தாள்.

"தெரியாது" என்றாள்.

ரொஷானி தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள்.

பஸ் நிலையத்தில் தம்புள்ளை பஸ் நின்றது. கொண்டக்டர் பலாபத்வல, நாலந்தா என்று கூவிக்கொண்டிருந்தார். அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தபோது படிவம் ஃபோனுக்கு வந்திருந்தது. எந்தத் திகதி, எந்தக் கோப்பு, எவ்வளவு நேரம், பார்த்த பிறகு என்ன செய்தீர்கள், வேறு யார் பார்த்தார்கள் என்று கேட்டிருந்தார்கள். எவ்வளவு நேரம் என்ற இடத்தில் ஒரு நிமிஷம் என்று எழுதி, அதை அழித்துவிட்டு, ஐந்து நிமிஷத்துக்கு மேல், மூன்று தடவை எண்ணினேன் என்று எழுதினாள். வேறு யார் என்ற இடத்தில் ரொஷானியின் முழுப்பெயரை எழுதினாள். பஸ் டவுனைத் தாண்டுவதற்குள் எல்லாக் கட்டங்களும் நிரம்பிவிட்டன. மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். ஏன் என்று அதில் எங்கேயும் கேட்டிருக்கவில்லை.